கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு சால்வை

லண்டன்
3-8-1936

அன்பான அண்ணாவுக்குத் தங்கச்சி புஸ்பம் எழுதிக்கொள்வது.

நான் சுகம். இருமல் ஒன்றுதான் கப்பல் ஏறிய நாள் முதல் என்னை விட்டுப் போக மனமில்லாமல் கிடக்கிறது. உங்கள் முழங்கால் நோவு எப்படி? நாவற்குடா வீட்டில் மச்சாளும் பிள்ளைகளும் சுகமா? நான் இல்லாததால் மச்சாளுக்குச் சண்டை பிடிக்க ஆளில்லாமல் வாய் துருப்பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

துரை வீட்டில் எனக்குக் குறைவில்லை. குழந்தை லூசி இப்போதும் என் கையால் தந்தால்தான் சாப்பிடுகிறாள். அவள் அழுத அழுகைக்குத்தானே பெரிய துரை தோட்டத்தைச் சின்னத்துரை கையில் விட்டுவிட்டு வரும்போது என்னையும் ஆயாவாகக் கூட்டிவந்தார்! வருகிற சித்திரைக்குள் திருப்பி அனுப்புவதாக, நீங்கள் கணக்கெழுதுகிற தோட்டக் கந்தோரில் உங்கள் முன்னால் தந்த வாக்கை அவர் மறந்திருக்கமாட்டார்.

மழை நாட்களில் குழந்தையைப் பூங்காவுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் நூதனசாலைக்குப் போகிறோம். உள்ளே போகக் காசு வேண்டியதில்லை, நனையாமலும் இருக்கலாம். என்னைப் போல மழைக்கு ஒதுங்கியவர்கள் நிறையப்பேர். ஒரு கிழவர் தினமும் வந்து மர வாங்கில் சாய்ந்திருந்து குறட்டை விடுகிறார். முதல் நாள் எகிப்து தேசத்து ராசா ஒருவரைத் துணியில் சுற்றி வைத்திருக்கிற அறைக்குள் போய்விட்டோம். பிணம், அண்ணா! அதைச் சுற்றி நின்று பிள்ளைகள் பிஸ்கட் தின்கிறார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் குழந்தையையும் முழுகவைத்து நானும் முழுகினேன். துரைச்சாணி ஏன் இந்த நேரத்தில் குளியல் என்று கேட்டார். செத்த வீட்டுக்குப் போய்வந்தோம் என்றேன். அவர் பயந்து, யார் செத்தது என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

வருகிறவர்கள் என்னையும் விடுகிறார்களில்லை. ஒரு சீமாட்டி, சட்டிபானை வைத்த பெட்டியைப் பார்த்தார், அதன் கீழே ஒட்டியிருந்த எழுத்தை வாசித்தார், பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு என் பக்கத்திலும் எழுத்து ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினார். நானும் அவரை அதேபோலத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன்.

இனித்தான் சொல்லவந்த விஷயம். மேல்மாடியில் ஒரு மூலை அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், நம்முடைய அம்மாள் நிற்கிறாள். ஒரு முழ உயரம், செம்பில் வார்த்துப் பொன் பூசியது. கீழே ‘பத்தினி, இலங்கை, கிழக்குக் கரை’ என்று எழுதியிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் கண்ணகையைத் தவிர வேறு எந்தப் பத்தினி? இடக்கை விரல் எதையோ பிடித்திருந்த மாதிரி மடிந்திருக்கிறது, பிடித்த பொருள் இல்லை. சிலம்பாகத்தான் இருக்கும். பார்த்த உடனே எனக்கு அழுகை வந்துவிட்டது. குழந்தை தன் கைக்குட்டையைத் தந்தது.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
புஸ்பம்.


நாவற்குடா
1-9-1936

அன்புத் தங்கச்சி புஸ்பத்துக்கு அண்ணன் கதிர்காமத்தம்பி ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கு யாவரும் நலம். உன் இருமலுக்குக் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் குடிக்கும்படி உன் மச்சாள் சொல்கிறாள். அவை அங்கே கிடைக்குமோ என்னவோ. வாவியில் இந்த மாதம் இறால் நல்ல பாடு, ஆனால் விலை சொல்லத்தக்கதாக இல்லை.

உன் கடிதத்தை வாசித்து மனம் குழம்பிப்போனேன். நீ அம்மாளைப் பார்த்தது ஆடி மாதத்தில். வைகாசியில் கோயில் கதவு திறந்து, சடங்கு நடத்தி, குளிர்த்தி பாடி, அம்மாளைக் குளிரவைத்துக் கதவைச் சாத்தியாயிற்று. பூட்டின திறப்பு என்னிடம் இருக்கிறது. அம்மா வழிக் குடிக்கு வந்த வண்ணக்கர் பொறுப்பில் கோயிலை நடத்துகிற நானே அடுத்த வைகாசி வரை அந்தக் கதவுக்குள் கண் வைக்கமுடியாது. உனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டு நீ நின்று பார்த்திருக்கிறாயே! இனி அந்த அறைப் பக்கம் போகவேண்டியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போ. பூசை செய்கிற கட்டாடியாரிடம் விபரம் கேட்டு எழுதுகிறேன்.

இன்னொன்று. இதைப் பற்றித் துரை வீட்டில் வாய் திறக்காதே. பெரிய துரையிடமிருந்து கடிதம் வருகிற நாட்களில் சின்னத்துரையின் முகத்தைப் பார்த்துத்தான் நான் கந்தோருக்குள் மூச்சு விடுகிறேன். அந்த மேசையை நம்பித்தான் இங்கே அடுப்பு எரிகிறது. உன் திரும்புப் பயணமும் அவர் கையில்தான் இருக்கிறது.

கவனமாக இரு.
அண்ணன்,
கதிர்காமத்தம்பி.


லண்டன்
28-9-1936

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து, எல்லாரும் நலம் என்று அறிந்து ஆறுதல். நானும் நலம். இங்கே வேர்க்கொம்பு கிடைக்கிறது, மருந்துக்கடையில் ஏதோ வைரம் விற்பதுபோலக் கண்ணாடிப் போத்தலில் வைத்திருக்கிறார்கள்.

பார்க்காதே என்று எழுதினீர்கள். சரி, நான் இப்போது அந்த அறைக்குள் போனால் அம்மாளுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறேன். அப்படி நின்றதால்தான் மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் வாயில் சுங்கான் குழாயோடு கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு அவள் இடுப்பைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். ஒருவன் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து அவள் மார்பு இரண்டையும் மட்டும் படம் கீறுகிறான், அழிக்கிறான், மறுபடியும் கீறுகிறான். என்னைப் பார்க்காதே என்று அவ்வளவு தூரத்திலிருந்து எழுதுகிறீர்களே, இவர்களுக்கு யார் எழுதுவது?

நான் ஒரு காரியம் செய்தேன். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனேன். என் சால்வையை எடுத்துப் பெட்டியின் மேல் நான்கு பக்கமும் மறையும்படி போர்த்தேன். அவ்வளவுதான். அறைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என் காலைப் பார்த்தார்கள்.

அந்த அறைக்கு ஒரு காவலர் இருக்கிறார், பெரிய மீசை, போன சண்டையில் ஒரு காது கேளாமல் போனவர். ஓடிவந்து, “அம்மணி, இதையெல்லாம் மூடக்கூடாது” என்றார்.

“மூடவில்லை, கதவைச் சாத்துகிறேன்” என்றேன்.

“இங்கே கதவே இல்லையே!”

“இல்லாதபடியால்தான் சால்வை” என்றேன்.

அவர் சால்வையை எடுத்து மடித்து, மரியாதையாக என் கையில் தந்தார். அடுத்த மழைநாளும் போர்த்தேன், அன்றும் மடித்துத் தந்தார். இப்போது எங்கள் இருவருக்கும் அது ஒரு வழக்கமாகிவிட்டது. கடைசித் தடவை எடுப்பதற்கு முன் சுவரில் இருந்த மணிக்கூட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனாம்.

காத்தான்குடி உசனார் காக்காவை உங்களுக்குத் தெரியும், நான் வந்த கப்பலில் குசினியில் சமையல் வேலை செய்தவர். கப்பல் இங்கே வந்து நின்றபோது என்னைப் பார்க்க வந்தார், நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். “புள்ள, செலயெல்லாம் நான் பாக்கமாட்டன். எங்களுக்கு அது கூடாது. ஆனா நீ கழட்டுற சப்பாத்த எவனும் எடுத்துக்கிட்டுப் போகாம நான் புடிச்சிக்கிட்டு நிக்கிறன்” என்றார். அப்படியே வாசலைப் பார்த்துக்கொண்டு, என் சப்பாத்து இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அந்த அறைக்கு வந்தவர்களில் முறையாக நடந்தவர் அவர் ஒருவர்தான் அண்ணா.

சுகத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.
புஸ்பம்.


நாவற்குடா
25-10-1936

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லாம் வல்ல அம்மாள் கிருபையால் சுகம், உன் சுகத்தையும் அதேபோல நாடுகிறேன். மாரி தொடங்கிவிட்டது, என் முழங்காலும் தொடங்கிவிட்டது.

உன் கடிதத்தை உன் மச்சாளுக்கு வாசித்துக் காட்டியிருக்கக்கூடாது. சால்வை போர்த்த இடத்தில் கைதட்டிச் சிரித்தாள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டாள். நான் இரண்டு நாள் வெளியே இறங்கவில்லை.

நல்ல செய்தி ஒன்று. கட்டாடியாரிடம் போய், சிலையின் அடையாளமெல்லாம் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, மார்பு ரெண்டும் இருக்காமா?”

“ஓம், ரெண்டும் இருக்காம்.”

“அப்ப அது நம்மட ஆள் இல்ல. மதுரையில ஒண்டப் பிச்சி எறிஞ்சி ஊரைக் கொளுத்திப்போட்டு, அந்தக் கொதியோடதானே நம்மட தாய் இஞ்ச வந்தவ. ரெண்டும் உள்ளவ வேற ஆரோ. அவவுக்கு நம்மட முறை ஒண்டும் இல்ல.”

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. ஆகவே தங்கச்சி, அது வேறு யாருடையதோ தெய்வம், சீனத்ததோ சிங்களத்ததோ. நமக்குப் பொறுப்பில்லை. இனிச் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு, சால்வையை உன் தோளில் போட்டுக்கொண்டு போய்வா. சளி பிடிக்காமல் பார். சித்திரைக்கு இன்னும் எவ்வளவு காலம்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு.

உன் நன்மையையே நினைக்கும்
அண்ணன்.


லண்டன்
20-11-1936

அண்ணாவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். முழங்காலுக்கு இலுப்பெண்ணெய் பூசுங்கள்.

கட்டாடியார் எண்ணிப் பார்த்துச் சொன்னது சரிதான், இரண்டும் இருக்கிறது. ஆனால் அவர் ஒன்றை யோசிக்கவில்லை. இரண்டும் இருக்கிறதென்றால் அவள் இன்னும் ஊரை எரிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? எரிக்கவேண்டிய ஊர் மிச்சம் இருக்கிறது. நான் இந்த ஊரில் ட்ராம் ஏறிப் போகும்போதெல்லாம் இரண்டு பக்கமும் இருக்கிற மாளிகைகளைப் பார்த்து அதையே நினைத்துக்கொள்கிறேன், மனதுக்குச் சூடாக இருக்கிறது.

சரி, அவள் கண்ணகை இல்லை என்றே வைப்போம். வேறு யாரோ ஒருத்தி. நம்முடைய கரையில் யாரோ கும்பிட்ட ஒருத்தி. அவளுக்கும் ஒரு கதவு இருந்திருக்கும், அதைச் சாத்த ஒரு ஆள் இருந்திருப்பான். இங்கே அவளுக்கு ஒரு நாள்கூட மறைவு இல்லை. யாருடையவள் என்று தெரிந்தால்தான் மானத்தை மறைப்பேன் என்று சொல்ல என்னால் முடியாது. எனக்குக் கோபம் வருகிறது அண்ணா. உங்கள் மேலும் வருகிறது, எழுதாமல் விடமாட்டேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். எவனோ இதைப் பத்திரிகையில் எழுதிவிட்டான். ‘சிலைக்குப் போர்வை போர்த்தும் ஆயா’ என்று பகடியாக நாலு வரி. அதற்குப் பிறகு சால்வையைப் பார்க்கவே சனம் வருகிறது! நூதனசாலைப் பெரியவர்களில் ஒருவர் துரையின் கூட்டாளி. அவர் துரையிடம், உன் வீட்டு வேலைக்காரி எங்களைக் கேலிக்கூத்தாக்குகிறாள் என்று சொல்லியிருக்கிறார்.

துரை என்னைக் கூப்பிட்டு, “நூதனசாலைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போடு. இனி வெறுங்காலோடு அங்கே போவதில்லை என்றும் எழுது” என்றார்.

“கால் கழுவிவிட்டுத்தான் போகிறேன் துரை. சப்பாத்தோடு வருகிறவர்களில் எத்தனை பேர் கழுவிவிட்டு வருகிறார்கள்?” என்று கேட்டேன்.

துரைச்சாணிக்கு முகம் சிவந்துவிட்டது. எழுதாவிட்டால் திரும்புப் பயணச் சீட்டு இல்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். கதவுக்கு வெளியே குழந்தை அழுகிறது. நான் போய்த் தூக்கவேண்டும்.

புஸ்பம்.


நாவற்குடா
18-12-1936

தங்கச்சி புஸ்பத்துக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கு சுகம் என்று எழுத வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பெரிய துரையிடமிருந்து சின்னத்துரைக்குக் கடிதம் வந்தது. என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து வாசித்துக் காட்டினார். இரண்டு காரியம் கேட்கிறார்கள். ஒன்று, நீ மன்னிப்பு எழுத நான் புத்தி சொல்லவேண்டும். மற்றது, அந்தச் சிலையைப் போட்டோ பிடித்து இங்கே அனுப்புவார்கள். நான் அதைப் பார்த்து, கண்ணகை கோயில் வண்ணக்கர் என்ற முறையில், இது எங்கள் தெய்வம் அல்ல, எங்கள் ஊர் முறை எதுவும் இதற்கு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அதை வைத்து உன் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். போட்டால் உனக்குச் சீட்டு, எனக்கு வேலை.

கட்டாடியார் சொன்னதைத்தானே எழுதப்போகிறேன், பொய் இல்லையே என்று என் மனம் சொல்கிறது. ஆனாலும் சாப்பாடு இறங்குகிறதில்லை. நீயே முந்தி மன்னிப்பு எழுதிவிட்டால் என் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்படாது. இரண்டு வரி. எழுதிப் போட்டுவிட்டு வந்து சேர், ஊருக்கு வந்தபின் அவர்களை என்ன ஏச வேண்டுமோ ஏசு. நானும் சேர்ந்து ஏசுகிறேன்.

உடனே பதில் போடு.
அண்ணன்.


நாவற்குடா
25-1-1937

தங்கச்சி,

தைப்பொங்கலுக்கும் உன் கடிதம் வரவில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

நேற்று உசனார் லீவில் வந்து, காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் நேரே இங்கே வந்தார். துரை உன்னை மார்கழி பிறக்கிறதுக்கு முன்னமே வீட்டை விட்டு அனுப்பிவிட்டார் என்றும், நீ வேலை இல்லாத ஆயாமார் தங்குகிற ஒரு விடுதியில் இருக்கிறாய் என்றும் அவர் விலாசத்தோடு சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு வாசித்துக் காட்டிய கடிதத்தில் துரை அதை எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. உன்னை வெளியே தள்ளிவிட்டுத்தான் என்னிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், நானும் அது தெரியாமல் உனக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். உசனாருக்கு முன்னால் அழுதுவிட்டேன்.

போட்டோ இன்னும் வரவில்லை. தினமும் தபால் வருகிற நேரத்தில் சின்னத்துரை என்னைப் பார்க்கிறார்.

கீழே உன் மச்சாள் எழுதுகிறாள்.

புஸ்பம், ஒங்கட அண்ணன் ராவில நித்திர கொள்ளுறாரில்ல. நான் ஒண்டும் சொல்லல்ல, சொன்னா என்னோட பாய்வார். நீ கிடந்து யோசியாத. பசி கிடக்காத. ஒனக்கு எண்டு கோயிலடி வீடு இருக்கு, அத நான் சாணகம் போட்டு மெழுகித்தான் வெச்சிருக்கன். வந்து சேருகா. இப்படிக்கு, மச்சாள் சீதேவிப்பிள்ளை.


லண்டன், ஆயாமார் விடுதி
20-2-1937

அண்ணாவுக்கும் மச்சாளுக்கும்,

நான் உயிரோடும் கோபத்தோடும் சுகமாக இருக்கிறேன்.

உங்கள் மார்கழிக் கடிதம் துரை வீட்டுக்குப் போய் இங்கே திரும்பிவந்தது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம், என்னை வெளியே தள்ளியதை எழுதினால் நீங்கள் பயத்தில் கையெழுத்தைப் போட்டுவிடுவீர்கள் என்பதுதான். குழந்தை நித்திரையாக இருக்கும்போது என்னை அனுப்பினார்கள். அவள் எழும்பி என்ன செய்திருப்பாள் என்று நினைக்கிற நேரம் மட்டும் எனக்குக் கோபம் விட்டுப்போய்விடுகிறது, மற்ற நேரமெல்லாம் இருக்கிறது.

இந்த விடுதியில் வங்காளத்தார், மதராஸ்காரர், சீனத்தி ஒருத்தி எல்லாரும் இருக்கிறோம். எல்லாரையும் யாரோ ஒரு துரைச்சாணி கூட்டிவந்து, குழந்தை வளர்ந்ததும் விட்டுவிட்டுப் போனவர்கள். நான் கதையைச் சொன்னேன். ஒருவருக்கும் கண்ணகையைத் தெரியாது, ஆனால் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது முறை வைத்துப் போகிறோம். ஒரு நாள் என் சால்வை, ஒரு நாள் வங்காளத்து அக்காவின் சேலை முந்தானை, ஒரு நாள் சீனத்தியின் கறுப்புத் துப்பட்டி. மீசைக்காரருக்கு மடித்து மடித்துக் கை அலுத்துவிட்டது. “உங்கள் தெய்வத்துக்கு இத்தனை தங்கச்சிமாரா?” என்று கேட்டார்.

மார்கழியில் இந்த நாட்டு ராசா தன் முடியையே கழற்றிவைத்துவிட்டுப் போனார். அவரிடம் யாரும் மன்னிப்புக் கடிதம் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கழற்றியது ஒரு சோடிச் சப்பாத்து.

போன கிழமை போட்டோ பிடித்தார்கள். நான் அங்கே நின்றேன். பெரிய பெட்டிக் கமராவைக் கொண்டுவந்து, பளிச்சென்று வெளிச்சம் போட்டு, முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, முதுகுப் புறத்தில்கூட ஒன்று. அது இப்போது கப்பலில் உங்களிடம் வந்துகொண்டிருக்கும்.

எனக்கு வழி பிறந்திருக்கிறது. மலைநாட்டுக்குப் போகிற ஒரு குடும்பத்துக்குக் கப்பலில் இரண்டு பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். பழைய துரைச்சாணியின் நற்சான்று இல்லாமலே, விடுதி நடத்துகிற அம்மாவின் பேச்சை நம்பி எடுத்துக்கொண்டார்கள். பங்குனிக் கடைசியில் கொழும்பில் இறங்குவேன். அவர்கள் மலையிலும் என்னை வைத்திருக்க விருப்பம் என்கிறார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் எனக்கு அப்பா மாதிரி. உங்களை எதிர்த்து ஊரில் நின்று பேசமாட்டேன். ஆனால் அந்தக் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான் மட்டக்களப்பு ரயிலில் ஏறமாட்டேன், அந்தக் குடும்பத்தோடு மலைக்குப் போய்விடுவேன். எனக்காகப் போட்டேன் என்றும் சொல்லவேண்டாம். கொழும்புப் புறக்கோட்டையில் உசனார் காக்காவின் மச்சான் மர்சூக் புடவைக்கடை வைத்திருக்கிறார். அந்த விலாசத்துக்கு எழுதிப்போடுங்கள். கப்பலால் இறங்கியதும் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் எந்த ரயில் என்று முடிவு செய்வேன்.

மச்சாள், வீட்டை மெழுகியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சண்டையை மிச்சம் வைத்திருங்கள்.

புஸ்பம்.


நாவற்குடா
24-3-1937

கொழும்பில் இறங்கியிருக்கும் என் தங்கச்சி புஸ்பத்துக்கு,

கடல் பயணம் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? இங்கு நானும் உன் மச்சாளும் பிள்ளைகளும் சுகம். இந்த முறை மெய்யாகவே சுகம்.

திங்கட்கிழமை தபாலில் போட்டோ வந்தது. சின்னத்துரை கந்தோருக்குள் கூப்பிட்டார். மேசையில் ஒரு காகிதம் இங்கிலிசில் அச்சடித்துத் தயாராக இருந்தது, பக்கத்தில் பேனை, பக்கத்தில் ஒரு தடித்த உறை. ஸ்டோர் தங்கராசாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்.

உனக்கு உண்மையைச் சொல்லுகிறேன். நான் வீட்டிலிருந்து புறப்படும்போது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. உன் கடிதம் மடியில் இருந்தது. பிள்ளைகளின் முகமும் கண்ணுக்குள் இருந்தது. கட்டாடியார் சொன்னதை எழுதினால் பொய்யும் இல்லை. பாதி வழியில் ஒரு தடவை போட்டுவிடலாம் என்றும், மறுபாதியில் போடக்கூடாது என்றும் நினைத்துக்கொண்டுதான் போனேன்.

சின்னத்துரை உறையைக் கிழித்துப் படத்தை இழுத்தார். கிரீடத்தின் நுனி தெரிந்ததோ இல்லையோ, என்னை அறியாமல் நான் கிறுகி நின்றுவிட்டேன். முகம் சுவர்ப்பக்கம். எனக்கே ஆச்சரியம்.

“என்ன கணக்கப்பிள்ளை, ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறாய்?”

“துரை, இது பங்குனி. கதவு சாத்திக் கிடக்கு. வைகாசி வரைக்கும் நான் பாக்க ஏலாது.”

“இது வெறும் கடுதாசி!”

“ஓம் துரை. கடுதாசிதான். எண்டாலும் ஏலாது.”

அவருக்கு நம் பாஷை நன்றாகத் தெரியும். “சரி, பார்க்கவேண்டாம். பார்க்காமலே கையெழுத்தைப் போடு” என்றார்.

“பாக்காத ஒண்டப் பத்தி நான் எப்பிடித் துரை சாட்சி சொல்லுறது?”

“கதிர்காமத்தம்பி! அது உன் சாமி இல்லையென்றால் நீ பார்க்கலாம். பார்க்கமாட்டேன் என்று நிற்கிறாயே, அப்போது அது உன் சாமிதான் என்றல்லவா சொல்கிறாய்?”

“அத நீங்கதான் சொல்லுறீங்க துரை. நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல.”

தங்கராசா சிரிப்பை அடக்க இருமினான். துரை மேசையில் கையால் அடித்தார். வேலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். இருபது வருடமாக அந்தக் குரலுக்கு எழும்பி நின்றவன் நான். பயந்துபோனேன், மறைக்க என்ன இருக்கிறது? முகத்தைத் திருப்பியபடியே, கையைப் பின்னால் நீட்டித் தடவிப் படத்தை எடுத்தேன். மேசையில் அதைக் கவிழ்த்து வைத்தேன். பிறகுதான் அவரைப் பார்த்துத் திரும்பினேன்.

“துரை, வைகாசிப் பூரணைக்குக் கதவு திறப்பம். அப்ப இந்தப் படத்தையும் கொண்டு கோயிலுக்கு வாங்க. சப்பாத்தக் கழட்டிப்போட்டு வாங்க. பாத்துச் சொல்லுறன்.”

அவர் வாய் திறக்க முன்னம் வெளியே வந்துவிட்டேன். பின்னேரமே வேலை நீக்கின காகிதம் வீட்டுக்கு வந்தது. பெரிய துரை உனக்குத் தருவதாகச் சொன்ன சீட்டும் இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். நீ கப்பலில் ஏறிவிட்டாய் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டில் எப்படிச் சொல்வதென்று வாசல் படலையடியில் நின்றேன். தங்கராசா எனக்கு முந்தி வந்து சொல்லிவிட்டான். உன் மச்சாள் நல்ல வாழையிலையாகப் பார்த்து வெட்டிவந்து சோறு போட்டாள். “இவ்வளவு காலமும் ஒரு கணக்கப்பிள்ளைக்குச் சோறு போட்டன். இண்டைக்குத்தான் வண்ணக்கருக்குப் போடுறன்” என்றாள். அவளுடைய தகப்பனாரின் வட்டையில் ஒரு துண்டு வயல் தரிசாகக் கிடக்கிறது. இந்த முழங்காலோடு சேற்றில் இறங்கவேண்டும், இறங்குவேன்.

அது கண்ணகையா வேறு யாருமா என்று எனக்கு இப்போதும் தெரியாது. நான் பார்க்கவில்லை. கட்டாடியாரும் இனி அதைப் பற்றிப் பேசமாட்டேன் என்கிறார். தான் கேட்ட கேள்வியே பிழை என்று யாரிடமோ சொன்னாராம்.

கையெழுத்துப் போடவில்லை, தங்கச்சி. ரயிலேறு.

உன் அண்ணன்,
கதிர்காமத்தம்பி.